நிலாவெளியில் அம்மம்மாவின் பழைய வீடு: திருத்துவதற்கு யாரிடம் என்ன அனுமதி, எங்கிருந்து தொடங்குவது?

நிலாவெளி வளவு (ரொறன்ரோ)

எல்லோருக்கும் வணக்கம். 1990இல் போரால் திருகோணமலை மாவட்டத்து எங்கள் நிலாவெளி ஊர் இடம்பெயர்ந்தபோது எனக்குப் பதினொரு வயது. அம்மம்மாவின் வீடு இன்னும் நிற்கிறது. புல்மோட்டை வீதிக்குக் கடற்கரைப் பக்கம், கடலிலிருந்து ஏறக்குறைய 250 மீற்றர் வரும். சுவர் முருகைக்கல்லும் சுண்ணாம்பும், ஒன்றரை அடித் தடிப்பு. முன்னால் விறாந்தை, நடுவில் கூடம், இரண்டு பக்கமும் அறைகள். பின்னால் தனியாக இருந்த குசினி இடிந்துவிட்டது. சுனாமித் தண்ணீர் யன்னல் மட்டம் வரை வந்து போனது, சுவர் அசையவில்லை. ஆனால் கூரையில் பாதி ஓடு இல்லை, இரண்டு அறைக்குள் மழை நேராக விழுகிறது.

ஜூலையில் ஆறு கிழமை வருகிறேன். கூரையைத் திருத்தி, பின்னால் புதிதாகக் குசினியும் குளியலறையும் மலகூடமும் போட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அம்மாவுக்கு 79 வயது, ஒரு மாரியாவது அந்த விறாந்தையில் இருந்து பார்க்க வேண்டும் என்கிறார். பழைய வீட்டைத் திருத்த அனுமதியே தேவையில்லை, ஆளைப் பிடித்து வேலையைத் தொடங்கு என்கிறார் ஒரு நண்பர். இன்னொருவர் இடித்துத் தள்ளிவிட்டுப் புதிதாக மேல்மாடி வைத்துக் கட்டு, அதே செலவுதான் என்கிறார். வீடு அம்மம்மாவின் சீதன வீடு. அவர் 1998இல் எழுதி வைக்காமலே காலமானார். பிள்ளைகள் நான்கு பேர், ஒரு மாமா இப்போது இல்லை. சின்ன மாமாவின் குடும்பம்தான் பின்வளவில் கொட்டில் போட்டு இருந்து தென்னைகளைப் பார்த்து வருகிறார்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

உவர்மலை அக்கா

தம்பி, கூரை ஓட்டைப் பற்றிக் கதைக்க முதல் காணி உறுதியை (உரிமைப் பத்திரத்தை)ப் பற்றிக் கதைப்போம். நான் உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசின் அலுவலகத்தில் 22 வருடம் வேலை செய்தவள். வெளிநாட்டிலிருந்து வந்து வீடு திருத்தியவர்களில் வழக்கில் மாட்டியவர்கள் எல்லோரும் காசை முதலில் சுவரில் போட்டவர்கள்தான்.

அம்மம்மா மரணசாதனம் எழுதவில்லை, தாத்தா அவருக்கு முன்பே காலமாகிவிட்டார் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் நான்கு பிள்ளைகளுக்கும் சம பங்கு. காலமான மாமாவின் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும். எங்கள் பக்கத்தில் சீதன வீடு பெண்பிள்ளைக்கு என்பது வழக்கம், அதை யாரும் மறுக்கமாட்டார்கள், ஆனால் சீதன உறுதி முடிக்காமல் வாயால் "இது உனக்கு" என்று சொன்னது பதிவகத்தில் செல்லாது. உங்கள் அம்மாவிடம் கேளுங்கள், அவர் பெயரில் உறுதி எழுதப்பட்டதா, இல்லை அம்மம்மாவின் சீதன உறுதி மட்டும்தான் இருக்கிறதா என்று. திருகோணமலை காணிப் பதிவகத்தில் அந்தக் காணியின் பதிவேட்டைத் தேடிப் பிரதி எடுங்கள். உறுதிக் கட்டே தொலைந்திருந்தாலும் பதிவேட்டிலிருந்து இலக்கம் பிடித்துப் பிரதி எடுக்க வழி உண்டு, இடம்பெயர்ந்த எத்தனையோ குடும்பங்கள் அப்படித்தான் எடுத்தார்கள்.

பங்குக் காணியில் ஒருவர் மட்டும் காசு போட்டுக் கட்டினால், நாளைக்கு இன்னொரு பங்காளி பங்கு பிரிப்பு வழக்குப் போடலாம். 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் அது. நீங்கள் போட்ட திருத்தத்துக்கு நட்டஈடு கேட்கலாம், ஆனால் அதுவும் நீதிமன்றத்தில் வருடக்கணக்காகக் கேட்க வேண்டிய ஒன்று. எல்லோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். முடிந்தால் மற்றவர்கள் தங்கள் பங்கை அம்மாவின் பெயருக்கு மாற்றட்டும்.

அம்மா இப்போது கனடியக் குடியுரிமை மட்டும் வைத்திருக்கிறாரா? 1998இலேயே வாரிசாக வந்த பங்கில் பிரச்சினை இல்லை. மாமாக்களின் பங்கை விலைக்கு வாங்கப் போனால் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் குறுக்கே நிற்கும், வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதை அது தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை எடுத்தவர்களுக்கு அந்தத் தடை இல்லை. உறவுக்குள் நன்கொடையாகக் கொடுப்பது பற்றி நொத்தாரிசிடம் நேரில் உட்கார்ந்து கேளுங்கள்.

ஓய்வு பெற்ற தொ.உ.

அக்கா சொன்னதற்குப் பிறகு என் பகுதியைச் சொல்கிறேன். உள்ளூராட்சி வேலையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தவன்.

அனுமதியே தேவையில்லை என்ற நண்பரின் பேச்சைக் கேட்க வேண்டாம். உடைந்த ஓட்டை அதே ஓட்டால் மாற்றுவது, பூச்சு, வெள்ளையடிப்பு, உக்கிய சிலாகை மாற்றுவது, இவை பராமரிப்பு. ஆனால் நீங்கள் குசினியும் குளியலறையும் புதிதாகச் சேர்க்கிறீர்கள். அது கட்டடம். 1915இல் வந்த வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமே இன்னும் இதற்கு அடிப்படை, புதுக் கட்டடத்துக்கும் மீளக் கட்டுவதற்கும் மாற்றம் செய்வதற்கும் எழுத்து அனுமதி வேண்டும் என்கிறது. நகர அபிவிருத்தி அதிகார சபை பிரகடனம் செய்த பகுதிக்குள் காணி வந்தால் அதன் விதிகளும் சேரும். நிலாவெளி குச்சவெளிப் பிரதேச சபைக்குள் வருகிறது, விண்ணப்பம் அங்கேதான். நில அளவையாளரின் பிளான், உறுதிப் பிரதி, கட்டட வரைபடம், இவை மூன்றும் கையில் இல்லாமல் போகாதீர்கள். வேலை முடிந்ததும், அனுமதித்தபடியே கட்டியதாகச் சொல்லும் இணக்கச் சான்றிதழ் எடுக்க வேண்டும். பலர் அதை விட்டுவிட்டுப் பிறகு வங்கிக்கோ விற்பனைக்கோ போகும்போது தவிக்கிறார்கள்.

உங்களுக்குப் பெரிய விஷயம் அந்த 250 மீற்றர். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின்படி, சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து உள்நாட்டுப் பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டட வேலைக்கு கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் தனியாக வேண்டும். கைபேசி வரைபடத்தில் அளந்த தூரத்தை யாரும் ஏற்கமாட்டார்கள், நில அளவையாளர் பிளானிலேயே அந்தத் தூரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். 250 என்று நீங்கள் நினைப்பது 310 ஆக இருந்தால் ஒரு அலுவலகத்துக்கு அலைவது மிச்சம்.

அலஸ்தோட்டத்துத் தம்பி

நான் இடித்துக் கட்டச் சொல்கிற பக்கம். முருகைக்கல் சுவருக்குள் உப்பு ஊறிப்போயிருக்கும், பூச்சு நிற்காது, வருடா வருடம் உரியும். கொங்கிறீற் தூண் போட்டு சீமெந்துக் கல்லில் கட்டினால் வேலை செய்ய ஆளும் உண்டு சாமானும் உண்டு. இப்போது சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன் எங்கே இருக்கிறான்? அம்மாவுக்கு 79 வயது என்கிறீர்கள், அவருக்குத் தேவை வழுக்காத குளியலறையும் காற்றோட்டமான அறையும். பாசத்தில் காசைக் கரைக்காதீர்கள் அண்ணா.

ஓய்வு பெற்ற தொ.உ.

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்றை யோசிக்கவில்லை. வலயத்துக்குள் நிற்கிற வீட்டை இடித்துவிட்டால் அதற்குப் பிறகு வருவது புதுக் கட்டடம். கடலோரத்திலிருந்து விட வேண்டிய ஒதுக்குத் தூரம், உயரம், எல்லாம் புதுக் கட்டடத்துக்குப் பார்க்கிற மாதிரிப் பார்ப்பார்கள். சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கில் 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்று அறிவித்துப் பிறகு தளர்த்தினார்களே, அந்த நேரம் சுவர் நின்ற வீட்டுக்காரரும் சுவர் போன வீட்டுக்காரரும் பட்ட வித்தியாசத்தை நான் கண்ணால் பார்த்தவன். நிற்கிற சுவரை அவசரப்பட்டு இடிக்காதீர்கள். இடித்த பிறகு அனுமதி மறுத்தால் கையில் வெறும் மணல்தான்.

சாம்பல்தீவு மேசன் மகன்

சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன் எங்கே என்று கேட்டதால் எழுதுகிறேன். என் தகப்பனும் பாட்டனும் அந்த வேலைதான், நானும் கையில் எடுத்திருக்கிறேன், கோயில் வேலைகளில் பழகியவர்களும் சிலர் இருக்கிறார்கள். அதிகம் பேர் இல்லை, உண்மை.

பழைய சுவரில் பூச்சு உரிவது உப்பால் மட்டும் அல்ல, சீமெந்தாலும்தான். முருகைக்கல்லும் சுண்ணாம்பும் ஈரத்தை உறிஞ்சும், வெயிலுக்கு வெளியே விடும். அந்தச் சுவருக்கு வெளியே சீமெந்துப் பூச்சுப் போட்டு மூடினால் நிலத்திலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும், உப்பும் அதோடு நிற்கும், இரண்டு மாரிக்குள் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும். பிறகு சுவர் கூடாது என்று சுவரில் பழி போடுவார்கள். உங்கள் வீட்டில் யாராவது முன்பு சீமெந்து பூசியிருந்தால் அதை முதலில் தட்டிக் கழற்றுங்கள், ஒரு வெயில் காலம் முழுக்கச் சுவர் காயட்டும். வெள்ளையாகப் பூக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டிக் கூட்டி அள்ளுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது திரும்ப உள்ளே போகும்.

பூச்சுக்கு சுண்ணாம்பு ஒன்று, கழுவிய ஆற்று மணல் மூன்று. சுண்ணாம்பை நீற்றிக் குழியில் தண்ணீர் நிற்கப் போட்டு வைக்க வேண்டும், குறைந்தது மூன்று நான்கு கிழமை, இன்னும் நாள் கூடினால் இன்னும் நல்லது. அந்தக் காலத்தில் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்ப்பார்கள். முன்பு கடற்கரையிலேயே முருகைக்கல் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள், 1988 சட்டத் திருத்தத்தோடு கரையோர வலயத்தில் அது தடை, யாராவது ஒளித்துக் கொண்டுவந்து தந்தால் வாங்க வேண்டாம். மாத்தளைப் பக்கத்துச் சூளைச் சுண்ணாம்பு கிடைக்கும். நீங்கள் ஜூலையில் வந்து இறங்கி ஜூலையிலேயே பூச முடியாது, சித்திரையிலேயே யாரையாவது வைத்துக் குழியில் போட வேண்டும்.

கூரைக்கு வருகிறேன். வளையும் கைமரமும் பனையாக இருந்தால் ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். வைரம் பாய்ந்த பனை மணி மாதிரிச் சத்தம் தரும், கறையான் தின்றது பொத்தென்று கேட்கும். சுவருக்குள் புதைந்து நிற்கிற நுனிதான் முதலில் உக்கும், நடுப்பகுதி இரும்பு மாதிரி இருக்கும். முழுவதையும் கழற்றி எறியாமல் நல்லதைத் தெரிந்தெடுக்க ஒரு ஓடாவியை (தச்சரை) இரண்டு நாள் சம்பளம் கொடுத்து வையுங்கள், அந்தக் காசு பத்து மடங்காகத் திரும்பும். புதுப் பனை வெட்டுவதென்றால் உங்கள் சொந்த வளவில் நின்றாலும் அனுமதி வேண்டும், பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

ஓட்டைத் திருப்பிப் பாருங்கள், கீழ்ப்பக்கத்தில் முத்திரை இருக்கும். அந்தக் காலத்துத் தட்டோடு பல வீடுகளில் இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து கப்பலில் வந்தது. மங்களூரில் பாசல் மிஷன்காரர் 1865இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு அந்தப் பக்கமெல்லாம் சூளைகள் பரவின. இப்போதைய ஓட்டுக்கும் அதற்கும் அளவு ஒத்து வராது, கொளுவும் பள்ளம் மாறும். ஒரே கூரைப் பக்கத்தில் பழையதையும் புதியதையும் கலந்தால் அந்தச் சேர்மானத்தில்தான் ஒழுகும். நல்ல பழைய ஓட்டையெல்லாம் சேர்த்து முன்பக்கத்துக்குப் போடுங்கள், பின்பக்கம் முழுக்கப் புது ஓடு. நூறு சதுர அடிக்குச் சுமார் 140 ஓடு என்று கணக்குப் போட்டு, உடைவுக்கும் கொஞ்சம் கூட எடுங்கள். ஓரத்து ஓட்டையும் முகட்டு ஓட்டையும் சாந்து வைத்துப் பிடிக்க வேண்டும், சுவர்த் தலைப்பு வளையைச் சுவரோடு இரும்புப் பட்டியால் கட்ட வேண்டும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் உங்கள் பக்கத்தால்தான் கரை ஏறியது, ஞாபகம் வையுங்கள்.

கிண்ணியா நானா

மகன், மணல் விஷயம் யாரும் சொல்லவில்லை. கடல் மணலை மட்டும் தொடக் கூடாது, வீட்டுக்கு முன்னாலேயே கிடக்கிறது என்று வேலையாட்கள் அள்ளிக் கலந்துவிடுவார்கள், கம்பி துருப்பிடிக்கும், சுவர் எப்போதும் கசியும். எங்கள் பக்கம் மகாவலி மணல் நல்லது, ஆனால் அனுமதிப்பத்திரம் உள்ள டிப்பரில்தான் எடுக்க வேண்டும். மணல் அனுமதி புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்துடையது. வழியில் பொலிஸ் மறித்தால் வாகனம் உள்ளே, உங்கள் வேலை நிற்கும், நீங்கள் ஆறு கிழமை லீவில் வந்தவர். மரமும் அப்படித்தான், கொண்டுபோகும் பத்திரத்தின் பிரதியை வாங்கி வையுங்கள்.

அடுத்தது கிணறும் மலக்குழியும். உங்கள் பக்கம் மணல் தரை, ஊற்று மேலேயே நிற்கும், குழியில் விட்டது கிணற்றுக்குப் போக நாள் எடுக்காது. இரண்டுக்கும் இடையில் 50 அடியாவது விடுங்கள், பக்கத்து வளவுக் கிணற்றையும் சேர்த்து அளக்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார், வந்து பார்க்க முதலே குழி வெட்ட வேண்டாம்.

சம்பூர் இலண்டன்

எங்கள் குடும்பம் 2006இல் போரால் சம்பூரை விட்டு வெளியேறி, அரசு எடுத்திருந்த காணி விடுபட்ட பிறகுதான் திரும்பப் போய்ப் பார்த்தது. சுவர் இரண்டும் கிணற்றுக் கட்டும்தான் மிச்சம். நான் இலண்டனில் இருந்தபடியே ஒரு ஒப்பந்தக்காரரிடம் வேலையைக் கொடுத்தேன், பெயர் தேவையில்லை. மொத்தத் தொகையில் அறுபது வீதத்தை முதலிலேயே அனுப்பிவிட்டேன், படம் வாட்ஸ்அப்பில் வந்தது, நன்றாகத்தான் இருந்தது. நேரில் போனபோது அத்திவாரம் ஒரு அடிகூட ஆழமில்லை, கம்பி சொன்ன அளவில் பாதி. அழுதேன். திரும்ப முழுவதையும் இடித்துக் கட்ட வேண்டியிருந்தது.

இப்போது செய்வதாக இருந்தால் இப்படித்தான் செய்வேன்: சாமானை நானே கடையில் நேரடியாகக் கணக்கு வைத்து வாங்குவேன், கூலிக்கு மட்டும் ஆள் பேசுவேன். அத்திவாரம் மூடும் முன், கூரையில் ஓடு ஏற்றும் முன், பூச்சுக்கு முன் என்று ஒவ்வொரு கட்டத்திலும் சம்பந்தமில்லாத ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தரையோ பொறியியலாளரையோ காசு கொடுத்துக் கூட்டிப்போய்க் காட்டுவேன், அவர் சரி என்ற பிறகுதான் அடுத்த காசு. படத்தில் அளவுநாடா வைத்து எடுக்கச் சொல்வேன்.

அற்றோணித் தத்துவம் (உங்களுக்காகச் செயற்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம்) கொடுக்கும்போது கவனம். "எல்லா அதிகாரமும்" என்று அச்சடித்த படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். அனுமதிக்கு விண்ணப்பிக்க, மின்சாரம் தண்ணீர் இணைப்பு எடுக்க, கூலியாட்களோடு ஒப்பந்தம் செய்ய, இவை மட்டும் என்று எழுதுங்கள். விற்கவோ அடகு வைக்கவோ அதிகாரம் இல்லை என்பதையும் எழுத்தில் போடுங்கள். ரொறன்ரோவில் துணைத் தூதரகம் இருக்கிறது, அங்கே முடித்து இலங்கையில் பதிவு செய்ய வேண்டும். காசை எப்போதும் வங்கி வழியாகவே அனுப்புங்கள், பற்றுச்சீட்டு ஒன்றையும் எறியாதீர்கள்.

நிலாவெளி வளவு (ரொறன்ரோ)

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா, நீங்கள் நினைத்தது சரி, தாத்தா 1987இலேயே காலமாகிவிட்டார். அம்மாவின் பெயரில் உறுதி இல்லை. நான் கேட்டதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை, "அம்மா எனக்குத்தானே தந்தா" என்று மட்டும் சொன்னார். சின்ன மாமாவோடு கதைக்கத்தான் பயமாக இருக்கிறது. இருபது வருடத்துக்கு மேல் அவர்தான் அங்கே இருக்கிறார், ஆண்டுபோன உரிமை என்று கேட்டால் என்ன செய்வது?

உவர்மலை அக்கா

பத்து வருடம் ஆண்டு அனுபவித்தால் உரிமை கேட்கலாம் என்பது 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். ஆனால் பங்காளி ஒருவர் மற்றப் பங்காளிகளுக்கு எதிராக அப்படிக் கேட்பது லேசு இல்லை, மற்றவர்களைத் தெரிந்தே விலக்கி வைத்து ஆண்டதாகக் காட்ட வேண்டும். அவர் தேங்காய் விற்ற காசில் அம்மாவுக்கு எப்போதாவது அனுப்பியிருக்கிறாரா? நல்லது கெட்டதற்கு உங்களைக் கேட்டிருக்கிறாரா? அதெல்லாம் பேசும்.

ஆனால் தம்பி, வழக்காக யோசித்துக்கொண்டு மாமாவிடம் போகாதீர்கள். எல்லோரும் போன பிறகு அந்த வளவில் வேலி அடைத்தவர் அவர். அவர் மட்டும் அங்கே இல்லாமல் இருந்தால் கடற்கரைப் பக்கத்துக் காணி இன்று யார் கையில் இருந்திருக்கும் என்று யோசியுங்கள். கொட்டில் இருக்கிற பகுதியைப் பிரித்து அவர் பெயருக்கு எழுதுவதாக நீங்களே முதலில் சொல்லுங்கள். நில அளவையாளர் எப்படியும் வரத்தான் போகிறார், ஒரே தடவையில் பிரித்து அளக்கலாம்.

சாம்பல்தீவு மேசன் மகன்

அக்கா சொன்னது போல மாமாவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புக் குழிக்குத் தினமும் தண்ணீர் பார்க்க ஆள் வேண்டுமே.

நிலாவெளி வளவு (ரொறன்ரோ)

ஏழு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

மாமாவிடம் கொட்டில் பகுதியைப் பற்றி நானே முதலில் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் ஒரு பழைய தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார், அதற்குள் அம்மம்மாவின் சீதன உறுதி பொலித்தீனில் சுற்றி இருந்தது. 1990இல் ஓடும்போது அவர்தான் எடுத்துப்போயிருக்கிறார், முகாமிலும் வைத்திருந்திருக்கிறார். எங்களில் யாருக்கும் தெரியாது.

நில அளவையில் கடலிலிருந்து தூரம் 268 மீற்றர் என்று வந்தது, ஆகவே கரையோர அனுமதி தேவைப்பட்டது. அது வரும் முன்பே என் ஆறு கிழமை முடிந்துவிட்டது. அதனால் இந்த வருடம் கூரை மட்டும், அதே வடிவத்தில், அதே ஓட்டில். அதற்கும் தொ.உ. ஐயா சொன்னபடி பிரதேச சபைக்கு எழுதிக் கொடுத்து, எழுத்திலேயே பதில் வாங்கினோம். கைமரம் 34இல் 21 நல்லதாக இருந்தன. சுண்ணாம்பு குழியில் இருக்கிறது, பூச்சு வருகிற வெயிலுக்கு. குசினிக்கும் குளியலறைக்கும் அனுமதி போன கிழமைதான் கைக்கு வந்தது. காலமான மாமாவின் மகள் நோர்வேயிலிருந்து சம்மதக் கடிதம் அனுப்பிவிட்டாள், பெரியம்மா மட்டும் இன்னும் யோசிக்கிறார், அவசரப்படுத்தவில்லை.

அம்மா ஐப்பசியில் வந்தார், இப்போது அங்கேதான் மாமா வீட்டுச் சாப்பாட்டில் இருக்கிறார். முதல் மழையிலேயே முன்விறாந்தையில் ஒரு இடத்தில் ஒழுகியது, சேர்மானத்தில்தான். ஓடாவி வந்து சரிசெய்தார்.

இப்போது ஒரு கேள்வி. கிணற்றுத் தண்ணீர் கோடையில் உவர்க்கிறது. மோட்டர் போட்டு முழுவதும் இறைத்துத் துப்புரவாக்கினால் மாறுமா?

கிண்ணியா நானா

முழுவதும் இறைக்க வேண்டாம் மகன். மணல் தரையில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துதான் நிற்கிறது, ஒரேயடியாக இறைத்தால் கீழே இருப்பது மேலே ஏறும். சுனாமிக்குப் பிறகு அவசரத்தில் திரும்பத் திரும்ப இறைத்த கிணறுகளில் அதுதான் நடந்தது. மோட்டரின் குழாயைக் கீழே இறக்காமல் மேல் மட்டத்தில் வைத்து, காலையில் கொஞ்சம் மாலையில் கொஞ்சம் எடுங்கள். புதுக் கூரைக்குப் பீலி (மழைநீர் வழிகால்) போட்டு மழைத் தண்ணீரைத் தாங்கியில் பிடியுங்கள், மாரி முடிய இன்னும் நாள் இருக்கிறது.